தாத்தா காலத்து ரெட்டைக் குழல் துப்பாக்கியை வைத்துக் காக்கை சுடுவது சரியா?

எங்கள் பெரியப்பாவிடம் அப்படி ஒரு துப்பாக்கி இருந்தது. மலேசியாவில் கிள்ளானுக்கு வெளியே ஐந்து ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருந்தார். காட்டுப்பன்றித் தொல்லையைக் காரணம் காட்டி உரிமம் வாங்கியது. பழைய இங்கிலாந்து பர்மிங்காம் சரக்கு, குழல் அளவு பன்னிரண்டு போர் (bore). ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அதுதான் பன்னிரண்டு போர்.

விசை இரண்டு. முன்னது வலக் குழலுக்கு, பின்னது இடக் குழலுக்கு. இடக் குழலின் வாய் இம்மியளவு குறுகல். ரவைகள் சட்டென்று பரவாமல் தூரம் போகும். பறவை கிட்டத்தில் எழும்பினால் முதல் விசை, தப்பித் தூரம் போய்விட்டால் இரண்டாவது. எது வேண்டும் என்பதை விரலே முடிவு செய்துவிடும். நூறு வருஷத்துக்கு முன் கையால் அரம் போட்டுச் செய்தவன் இதையெல்லாம் யோசித்திருக்கிறானே என்று எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

பெரியப்பா குழல்களைத் தனியாகக் கழற்றி, அடிப்பக்கத்தை ஒற்றை விரலில் தொங்கவிட்டு, நகத்தால் தட்டிக் காட்டுவார். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலித்தால் இரண்டு குழலையும் இணைக்கிற பற்றவைப்பு திடமாக இருக்கிறது. மொத்தென்று கேட்டால் எங்கோ விட்டிருக்கிறது.

உங்கள் தாத்தாவின் துப்பாக்கியைச் சுடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைக்குப் பரவலாகக் கிடைப்பது 70 மில்லிமீட்டர் தோட்டா. அதன் வாய் மடித்திருப்பதால் பழைய அறைக்குள்ளும் சிக்காமல் போய் உட்கார்ந்துவிடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். குழல் மேல் பாம்புத்தோல் மாதிரி வரிகள் தெரிந்தால், அது இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அவற்றில் பல பழைய கரிமருந்துக் (கறுப்பு வெடிமருந்து) காலத்துக்காகச் செய்தவை, இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காமல் போகலாம். தெரிந்த துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் அதில் தோட்டா போடாதீர்கள்.

இனி காக்கை. மலேசியாவில் நகராண்மைக் கழகங்கள் உரிமம் உள்ளவர்களை அழைத்துக் காக்கை சுட வைப்பது பல வருஷ வழக்கம். பெரியப்பாவும் போவார். எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது பொறுக்கிப் போட என்னையும் கூட்டிப்போனார். முதல் வெடிக்குக் கூட்டம் ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. விழுந்ததற்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கரைந்தன. என் காலடியில் ஒன்று உயிரோடு கிடந்தது. சாம்பல் கழுத்து துடித்தது. கண்ணின் மேல் வெளுத்த சவ்வு ஒன்று குறுக்கே வந்து வந்து போனது. அன்றோடு நான் அந்த வேலைக்குப் போகவில்லை.

அதே காக்கைகளுக்குத்தான் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, கொல்லையில் வாழையிலைத் துண்டில் சோறு வைத்துக் கூப்பிடுவார். மகனிடம் அவர் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "அமாவாசை அன்னிக்கி மட்டும் அதைத் தொடாதடா." பெரியப்பா கடைசிவரை தொட்டதில்லை.

அவரைப் பாவி என்று நான் சொல்ல மாட்டேன். காக்கை மற்ற பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, பசாரை (சந்தையை) அசிங்கப்படுத்துகிறது என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் அது இந்த மண்ணுக்குத் தானாக வரவில்லை. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து பிடித்துக்கொண்டு வந்து கிள்ளானில் விட்டார்கள். காப்பி நொடித்துப் போய் ரப்பர் வந்தது. காக்கை இங்கேயே பெருகிவிட்டது. நம் ஆட்கள் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த அதே காலம். அதனாலோ என்னவோ, அதை அந்நியப் பறவை என்று யாராவது திட்டும்போது எனக்குச் சுருக்கென்று தைக்கிறது.

ஊருக்கு ஊர் பார்வை வேறு. அமெரிக்காவில் காக்கை வேட்டைக்குப் பருவம் உண்டு, வருஷத்துக்கு 124 நாளுக்கு மேல் போகக் கூடாது. சிங்கப்பூரில் வெகுகாலம் சுட்டார்கள். பொதுமக்கள் பாதுகாப்பை நினைத்து 2020இல் நிறுத்தினார்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டம் காக்கையைத் தொல்லை உயிரிகளின் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது, 2023 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. நீங்கள் இந்தியாவில் இருந்தால் சுடும் பேச்சே வேண்டாம்.

என்னைக் கேட்டால், துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு, உரிமத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், காக்கையை விட்டுவிடுங்கள். குப்பை திறந்து கிடக்கிறவரை எத்தனை சுட்டாலும் அந்த இடத்துக்கு வேறு காக்கை வரும். எங்கள் பசாரில் மீன்குடல் போடுகிற தொட்டிகளுக்கு மூடி போட்டார்கள். சில மாதத்தில் எதிரே இருந்த மழைமரத்தில் அடைய வரும் கூட்டம் பாதியாகக் குறைந்ததை நானே பார்த்தேன். பெரியப்பாவும் பார்த்தார். அந்த வருஷம் நகராண்மைக் கழகத்திலிருந்து கூப்பிட்டபோது முதுகு வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.