பூம் ஒருவரிடம், சக் இன்னொருவரிடம்

கேள்வி: ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் குன்னூர், வெலிங்டன் பக்கம் தனியாக ஒரு சங்கம் வைக்கப் போகிறார்களாம். முன்னாள் படைவீரர் சங்கம் இருக்கும்போது கிளாரினெட் ஊதியவருக்குத் தனிச் சங்கம் எதற்கு? இவர்கள் என்ன எல்லையில் நின்றவர்களா? ஆளாளுக்குப் பிரிந்தால் நாளைக்குச் சமையல்காரர் சங்கம், முடிதிருத்துவோர் சங்கம் என்று போய் நிற்காதா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், அருவங்காடு)

பதில்: போய் நிற்கட்டுமே. படையில் சமையல்காரரும் முடிதிருத்துபவரும் முதலில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டுதான் அப்புறம் கரண்டியையும் கத்தரியையும் எடுக்கிறார்கள். அவர்கள் சங்கம் வைத்தால் உங்கள் தலையில் யாரும் கை வைக்கப் போவதில்லை.

எல்லையில் நின்றவர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். சண்டை வந்தால் பேண்டுக்காரர் வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்க வேண்டும். பல நாட்டுப் படைகளில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் இது. அடிபட்டவர் எங்கே கிடக்கிறாரோ அங்கே போக வேண்டும். ஸ்ட்ரெச்சரின் இரண்டு கைப்பிடியையும் பிடித்தவருக்குத் துப்பாக்கி பிடிக்க மூன்றாவது கை கிடையாது. நீங்கள் முன்னாள் படைவீரராக இருந்தால் இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் கேட்டிருந்தால் அது வேறு விஷயம்.

சரி, உங்கள் கேள்வியில் நியாயமான பகுதி ஒன்று இருக்கிறது. இருக்கிற சங்கத்திலேயே இருந்தால் என்ன? தாராளமாக இருக்கலாம். ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் பென்ஷன் சிக்கினால் எடுத்துவிட, வருடாவருடம் வாழ்நாள் சான்று கொடுக்க, கேன்டீன் கார்டு மாற்ற அந்தச் சங்கம் வேண்டும். யாரும் அதை விட்டு விலகச் சொல்லவில்லை. ஆனால் அது செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு.

குன்னூரில் ஒரு ஏடிஎம் வாசலில் காவலுக்கு இருப்பவரை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். மடியில் ஒரு பிளாஸ்க் வைத்திருப்பார். வலது கையின் மூன்று விரல்கள் அதன் மூடியில் மாறி மாறி அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒருநாள், "என்னண்ணே வாசிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். வெட்கப்பட்டார். 22 வருடம் பேண்டில் ஹார்ன் வாசித்தவராம். என்ன பாட்டு என்று கேட்டேன். "பாட்டு கார்னெட்காரன்கிட்ட இருக்கு சார். பூம் பேஸ்காரன்கிட்ட. எனக்கு வந்தது சக்" என்றார். கார்னெட் என்பது டிரம்பெட் மாதிரி ஒரு பித்தளைக் குழல், பேஸ் என்பது கனத்த குரலில் ஒலிக்கும் பெரிய குழல். மார்ச் இசையில் பூம்-சக், பூம்-சக் என்று போகிறதே, அதில் வரும் சக். 22 வருடமாக அந்தச் சக்கை இம்மி பிசகாமல் அதன் இடத்தில் வைத்துக்கொண்டிருந்தவர் அவர். பூம் போட ஒருவர் இல்லாவிட்டால் அந்தச் சக்குக்கு இடமே கிடையாது.

நாகஸ்வரக்காரர் ஓய்வு பெற்றாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தோடி வாசிக்கலாம். ஹார்ன்காரர் தனியாக உட்கார்ந்து சக், சக் என்று வாசித்தால் வீட்டில் வைத்தியரைத்தான் கூப்பிடுவார்கள். பேண்டுக்காரரின் வித்தை பத்து முப்பது பேரிடம் பங்கு பிரித்துக் கொடுத்த சொத்து. பங்காளிகள் கூடினால்தான் அது சொத்து.

வாத்தியமும் அவருடையது இல்லை. 18 வயதில் சேர்ந்து நாற்பதைத் தாண்டியதும் வெளியே வருகிறார்கள். வாத்தியம் சர்க்கார் சொத்து. எண் சரிபார்த்து ஸ்டோருக்குள் போய்விடும். உதட்டின் கட்டும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. சில வாரம் ஊதாமல் விட்டாலே உதடு சொன்னபடி கேட்காது, வருடக்கணக்கில் விட்டால் கேட்கவே வேண்டாம். அப்புறம் முன்பல் ஆடத் தொடங்கும். காவலர் வேலைக்குப் பல் கேட்க மாட்டார்கள், கார்னெட் கேட்கும்.

நம் ஊர்க் குளிரும் லேசுப்பட்டதல்ல. டிசம்பர் காலையில் பித்தளை வாத்தியம் சுருதி இறங்கித்தான் பேசும். மவுத்பீஸை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கி, சத்தம் வராமல் வாத்தியத்துக்குள் மூச்சை விட்டு விட்டு, குழாய் வெதுவெதுப்பான பிறகுதான் சுருதி சேர்ப்பார்கள். அப்புறம் அடியில் ஒரு சாவியை அமுக்கினால் தண்ணீர் சொட்டும். எச்சில் என்று நாம் முகம் சுளிப்போம். பெரும்பாலும் அது மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எம்.ஆர்.சி. எனும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் மைதானத்தில் இருந்து காலையில் வரும் சத்தத்தை இலவசமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்கு முன் நடக்கும் இந்த வேலையை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

இன்னொன்று. ரெஜிமென்ட் சங்கம் ரெஜிமென்ட்காரரைத்தான் சேர்க்கும். மெட்ராஸ் ரெஜிமென்டில் பைப் ஊதியவர், விமானப்படையில் டிராம்போன் வாசித்தவர், கடற்படையில் டிரம் அடித்தவர் மூவரும் ஓய்வுக்குப் பின் இதே மலையில் அடுத்தடுத்த தெருவில் இருந்தாலும் மூன்று சங்கத்து ஆட்கள். ஆனால் இசையை எழுதிப் படிக்கும் நொட்டேஷன் முறை மூவருக்கும் ஒன்றுதான். மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் 1950-ல் தொடங்கிய ராணுவ இசைப் பிரிவுக்கு எந்தெந்த மூலையில் இருந்தோ பேண்டுக்காரர்கள் வந்து படிக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர் எந்தப் படைப்பிரிவு என்பதா பின்னால் நினைவில் நிற்கும்? சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதுதான்.

டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் தாள்களையும் சொல்ல வேண்டும். நான் பார்த்த ஒன்று இரண்டாவது கார்னெட்டின் பங்கு மட்டும், பச்சை மையில் கையால் எழுதியது, மடிப்பில் கிழிந்து பழைய தபால்தலை ஓரத்தால் ஒட்டியிருந்தது. முதல் கார்னெட்டின் தாள் யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ. டெல்லியில் ஜனவரி 29-ல் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் காந்திக்குப் பிடித்த 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாடல் பல வருடம் ஒலித்தது. 2022-ல் எடுத்துவிட்டார்கள். சரியா தப்பா என்று இங்கே சண்டை வேண்டாம். வாசிப்பதை நிறுத்திய மெட்டு வாசித்தவர்களிடம்தான் மிச்சம் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் பேண்டு நமக்கு எதற்கு என்று அடுத்த கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு தகவல்: முத்துசுவாமி தீட்சிதர் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. அவருக்கே கூச்சம் இல்லை.

இவ்வளவு பரிந்து பேசியதால் சங்கம் வைக்கிறவர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்களுக்கும் கொஞ்சம் இருக்கிறது. அச்சடித்த லெட்டர்பேடை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். கௌரவத் தலைவர், தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள் என்று வரிசையாகப் பெயர் இருக்கிறது. வாத்தியம் எத்தனை என்று போனில் கேட்டேன். இனிமேல்தான் என்றார்கள். சங்கத்தைப் பதிவு செய்ய ஏழு பேர் போதும், ஏழு பேர் இருந்தால் ஒரு சின்ன பேண்டும் ஆயிற்று. பொன்னாடைக்கு வைத்திருக்கும் பணத்தில் மீரட்டில் இருந்து ஒரு கார்னெட் வரவழையுங்கள், அங்கே தெருத்தெருவாகச் செய்கிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது ஒரு கூடத்தில் கூடி வாசியுங்கள். தினமும் காலையில் ரோஜாப்பூவோடு குட் மார்னிங் அனுப்பத்தான் என்றால் அந்த வாட்ஸ்அப் குழு சங்கம் இல்லாமலே நடக்கும்.

அருவங்காட்டு நண்பருக்கு ஒரு சம்பவம் சொல்லி முடிக்கிறேன். போன மழைக்காலத்தில் கேத்தி பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் ரெஜிமென்டில் பியூகிள் ஊதியவர். எத்தனை பேரை அடக்கம் செய்யும்போது லாஸ்ட் போஸ்ட் என்ற பிரியாவிடை மெட்டை ஊதியிருப்பார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. அவரை எடுக்கும்போதும் அதை ஊத வேண்டும் என்று மகனுக்கு ஆசை. யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் பேரன் செல்போனில் யூடியூபைத் திறந்து பெட்டியின் தலைமாட்டில் பிடித்தான். முதலில் ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம் ஓடியது. அவன் பதறிக்கொண்டு அதைத் தள்ளப் பார்த்தான், ஐந்து விநாடி ஆகும் வரை அது தள்ளவில்லை.

அந்த வீட்டில் இருந்து நடக்கிற தூரத்தில் பியூகிள் ஊதத் தெரிந்தவர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது.