வாசகர் கேள்வி பதில்: தாய்மொழிக்குத் திரும்பிய நாவலாசிரியர்

கேள்வி: என் மகள் இங்குள்ள ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழில் பேசுகிறவர்களின் பெயரை வகுப்புத் தலைவி நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பேசியவருக்குப் பத்து ரூபாய் அபராதம். சென்ற வாரம் தலைவியாக இருந்த இவள், தன் உயிர்த்தோழியின் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அழுதாள். கென்ய நாவலாசிரியர் கூகி வா தியாங்கோவும் இத்தகைய பள்ளியில் படித்தவர் என்றும், பின்னாளில் ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதையே விட்டுவிட்டார் என்றும் என் தம்பி சொல்கிறான். புகழ் தந்த மொழியைக் கைவிட்டது வீம்பு இல்லையா?
- ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு.

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகள் அழுதது நியாயமான அழுகை. கூகி படித்த காலத்துப் பள்ளியில், காலையில் ஒரு மாணவனிடம் பொத்தான் ஒன்றைக் கொடுப்பார்கள். தாய்மொழியான கிகூயூவில் பேசுகிறவன் யாரோ அவனிடம் அதை அவன் தள்ளிவிட வேண்டும். மாலையில் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ, அவன் தனக்குக் கொடுத்தவனைச் சொல்ல, அவன் தனக்கு முந்தியவனைச் சொல்ல, அன்று தாய்மொழி பேசிய அத்தனை பேரும் அகப்படுவார்கள். பிரம்படி விழும், 'நான் கழுதை' என்று எழுதிய தகட்டைக் கழுத்தில் தொங்கவிடுவதும் உண்டு. தம் மக்களையே காட்டிக்கொடுக்கப் பிள்ளைகளைப் பழக்கியது அந்த முறை என்று 1986இல் வெளிவந்த கட்டுரை நூலில் கூகி எழுதினார். அபராதத்தைவிட அந்த நோட்டுதான் கொடியது என்று நானும் கருதுகிறேன்.

அவர் பிறந்தது 1938இல், நைரோபியை அடுத்த லிமுருவில். ஏற்காட்டைவிட உயரமான, தேயிலை விளையும் மலைப்பகுதி. சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, வெள்ளையர் தோட்டங்கள் மலையை எப்படி மாற்றும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கென்யாவில் காபி பயிரிடவே கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் தடை இருந்தது.

1964 முதல் 1977 வரை நான்கு நாவல்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். உலகம் படித்தது, அவற்றில் வரும் உழவர்களால் படிக்க முடியவில்லை. லிமுருவிலுள்ள கமிரீத்து என்ற தம் ஊரிலேயே, கூகி வா மிரீ என்ற இன்னொருவருடன் சேர்ந்து, கிகூயூ மொழியில் ஒரு நாடகம் எழுதினார். ஊர் மக்களே திறந்தவெளி அரங்கு கட்டி, தாங்களே நடித்து, பேராசிரியரான கூகி எழுதிய வசனத்தையும் பாட்டையும் திருத்தினார்கள். அவர் மீண்டும் தாய்மொழி மாணவரானது அங்கேதான். அதனால்தான் வீம்பு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் கடுமையாக எழுதியபோது பொறுத்துக்கொண்ட அரசு, இந்த நாடகத்தைச் சில வாரங்களில் தடைசெய்து, 1977 டிசம்பர் 31 அன்று அவரைப் பிடித்துச் சென்றது. வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஏறக்குறைய ஓராண்டு கமிதி சிறையில் இருந்தார். கைதிகளை வருத்துவதற்கென்றே கொடுத்ததுபோல் முரடாக இருந்த கழிப்பறைக் காகிதம் பேனாவுக்கு வாகாக இருந்தது; அதில் கிகூயூ மொழியில் அவர் எழுதிய நாவலைத் தமிழில் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' என்று அறிவோம்.

ஆங்கிலத்தை அவர் வெறுக்கவில்லை. நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் ஒப்பிலக்கியமும் கற்பித்தார். தம் கிகூயூ நாவல்கள் சிலவற்றைத் தாமே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 2025 மே 28 அன்று மறைந்தார். ஆகவே உங்கள் மகள் ஆங்கிலம் நன்றாகப் படிக்கட்டும். பள்ளிக்குச் சென்று, மற்ற பெற்றோரையும் உடன் அழைத்துக்கொண்டு, அந்த நோட்டை நிறுத்தும்படி பணிவாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். தோழியின் பத்து ரூபாயை மகளின் கையால் திருப்பிக் கொடுக்கச் செய்யுங்கள்.

வீட்டில் இரவு ஒரு பக்கமாவது தமிழில் அவளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கூகியின் சிறை நாவல் அச்சில் வந்தபோது கென்யாவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். மதுக்கடைகளில் வாசித்தவர், கதை சூடுபிடிக்கும் இடத்தில் தம் கோப்பை காலியானால் புத்தகத்தை மூடிவிடுவாராம், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை நிரப்பித் தரும்வரை.