கடலோர ஊரில் வீட்டில் செய்யும் அடுக்கு பிஸ்கட் ஏன் எழும்பாமல் கெட்டியாகிவிடுகிறது?

உங்கள் அவனில் (ஓவன்) குறை இல்லை. மைதாவிலும் பெரிய குறை இருக்க வாய்ப்பில்லை. மாவு அவனுக்குள் போவதற்கு முன்பே வெண்ணெய் உருகிவிடுகிறது என்பதுதான் விஷயம். காணொளியில் சொன்னபடியே அளந்து போட்டும் பிஸ்கட் ஏடு பிரியாமல் தட்டையாக, கடிக்க முடியாத கெட்டியாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்றும், மாலையில் வேலை முடிந்து வந்த பிறகுதான் செய்கிறீர்கள் என்றும் நீங்களே சொல்லியிருப்பதில் பாதி விடை அடங்கியிருக்கிறது. நான் மண்டபத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். "இராமநாதபுரம் பக்கத்து வெக்கையில் இதெல்லாம் வராது, பேசாமல் பேக்கரியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எனக்கு முன்னால் ஒருவர் இதே கேள்விக்குத் தீர்ப்பு எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வரும். நான் செய்திருக்கிறேன்.

நீங்கள் கேட்பது டீயில் தோய்க்கும் பாக்கெட் பிஸ்கட் அல்ல என்பது நீங்கள் போட்டிருக்கும் படத்திலிருந்து தெரிகிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காலை உணவாகச் சாப்பிடும், நன்றாக உயர்ந்து எழும்பி, மேலே பொன்னிறமாகவும் உள்ளே மெத்தென்றும் இருக்கும், கையால் பிய்த்தால் ஏடு ஏடாகக் கழன்று வரும் வகை அது. அந்த ஏடுகளை உண்டாக்குவது மாவுக்குள் கரையாமல் கிடக்கும் வெண்ணெய்த் துண்டுகள். கடை வெண்ணெயில் 80 விழுக்காடு கொழுப்பு என்றால் ஏறக்குறைய 16 விழுக்காடு தண்ணீர். திடமாக உள்ளே போன துண்டு அவனின் சூட்டில் உருகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியானால் நீரின் கொள்ளளவு 1600 மடங்குக்கு மேல் பெருகும் என்பதால், அது தனக்கு மேலும் கீழும் இருக்கும் மாவை நெட்டித் தள்ளுகிறது. தள்ளிய இடைவெளி மறுபடி மூடுவதற்குள் மாவு வெந்து இறுகிவிட்டால் அதுதான் ஏடு. வெண்ணெய் முன்கூட்டியே உருகி மாவோடு ஒன்றாகக் கலந்துவிட்டதென்றால், ஆவி தள்ளுவதற்குத் தனித்தனி அடுக்கே இருக்காது. வாயில் கரகரவென்று உதிரும் ஏதோ ஒன்று கிடைக்கலாம். நீங்கள் கேட்பது கிடைக்காது.

வெண்ணெய் உருகுவது 32 டிகிரி செல்சியஸுக்கு மேலேதான் என்றாலும், 20 டிகிரியைத் தாண்டியதுமே அது குழைய ஆரம்பித்துவிடும். குளிர்நாட்டு அடுப்படியில் நின்றுகொண்டு "விரல் நுனியால் வெண்ணெயை மாவில் தேய்த்துவிடுங்கள்" என்று ஒருவர் சொல்வது அவருக்குச் சரி. நம் அடுப்படியில் மே மாத மதியத்தில் 35 டிகிரிக்குக் குறையாது, நம் கைச்சூடும் வெண்ணெயை இளக்கப் போதும். நீங்கள் விரலால்தான் தேய்த்திருப்பீர்கள், அதுவும் நிதானமாக, ஒரு துண்டுகூட விடாமல் தேய்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் செய்திருப்பீர்கள். பரோட்டா வீசுவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அடுக்கு என்றாலே மாவை நன்றாக அடித்துப் பிசைந்து ஊறவைக்க வேண்டும் என்று கை தானாகப் போகும். பரோட்டாவில் அது நியாயம். பிசையப் பிசைய மைதாவின் குளூட்டன் என்ற புரதம் வலுவேறி, கல்லின் மேல் பேப்பர் கனத்துக்கு விரியும். இடையில் எண்ணெய் நின்று ஏடுகளைப் பிரிக்கும். இங்கே அந்த வலு ஏறவே கூடாது. ஏறினால் ஆவி தள்ளும்போது மாவு விட்டுக்கொடுக்காது. அமெரிக்காவில் இதற்கென்றே புரதம் குறைந்த மென்கோதுமை மாவு பயன்படுத்துகிறார்கள். நம் மைதாவில் புரதம் அதைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், 250 கிராமில் 30 கிராமை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோளமாவு, அதாவது கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவு, சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள்.

என் கொழுந்தனார் குடும்பம் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது. ஒரு மே மாதம் விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகள் இந்தப் பிஸ்கட்டைப் பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருந்தாள். செய்து தருகிறேன் என்று நான் சொன்னதும் அடுப்படிக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இந்தப் புழுக்கத்துல வெண்ணெய் நிக்காது, விட்டுருங்க" என்றாள். அந்தப் பெண் கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சோறு வடிக்கிற வீட்டில் வெள்ளைக்காரன் பலகாரம் எதற்கு என்று சிரித்தார்கள். அதுதான் உறைத்தது.

அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால், என் தம்பியின் படகும் கட்டிக் கிடந்தது, அவனுடைய ஐஸ் பெட்டியும் சும்மா கிடந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் ஐஸ் தட்டுப்பாடு இல்லை. பெட்டியைச் சோப்பும் எலுமிச்சைத் தோலும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து, ராத்திரியே நொறுக்கிய ஐஸை நிரப்பி, மேலே வாலிநோக்கம் கல்லுப்பை அள்ளித் தூவினேன். ஐஸில் உப்புச் சேர்ந்தால் குளிர் பூச்சியத்துக்கும் கீழே இறங்கும் என்பது குச்சி ஐஸ் வண்டிக்காரரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "அக்கா, மீன் பெட்டியில பலகாரமா?" என்று தம்பி தலையில் கை வைத்தான். அவன் பயந்ததில் அர்த்தம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வாடையை வெண்ணெய் இழுத்துக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் சீலா மீனின் ஞாபகம் அந்தப் பெட்டியை விட்டுப் போகாது. அதனால் எல்லாவற்றையும் இறுக மூடும் எவர்சில்வர் டப்பாக்களில் போட்டு, டப்பாக்களைப் பாலிதீன் பையில் கட்டித்தான் உள்ளே வைத்தேன். வெண்ணெய் மட்டும் அல்ல. சலித்த மாவும், தயிரும், தண்ணீர் நிரப்பிய ஒரு கண்ணாடிப் பாட்டிலும் உள்ளே போயின. ஃப்ரிட்ஜ் இருக்கும்போது இந்தக் கூத்து எதற்கு என்று கேட்பீர்கள். விருந்தாளிகள் நிறைந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவு மூடியிருக்கும் நேரம் குறைவு. நீங்கள் தனியாக இருப்பவர் என்றால் உங்களுக்கு ஃப்ரிட்ஜே போதும்.

விடிவதற்கு முன்பு எழுந்து, கடப்பாக்கல் மேடையின் மேல் ஐஸ் நிரப்பிய தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, கல்லில் வியர்த்த நீரைத் துணியால் ஒற்றித் துடைத்தேன். கட்டியாக உறைந்திருந்த வெண்ணெயைக் கேரட் துருவியில் துருவியபோது அது சுருள் சுருளாக நேராக மாவின் மேல் விழுந்தது. கை படாமல் முள்கரண்டியால் கிளறினேன். ஒவ்வொரு சுருளும் மாவைப் பூசிக்கொண்டு தனித்தனியாக நின்றது. தயிரை ஊற்றிய பிறகும் மாவு உருண்டு திரளவில்லை, பொலபொலவென்று கிடந்தது. அந்த நிலையில்தான் எல்லோருக்கும் தைரியம் போய் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்துவிடுகிறோம். விடாதீர்கள். அப்படியே கல்லில் கொட்டி, குளிர்ந்த பாட்டிலை உருட்டி இரண்டு செண்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, கடிதம் மடிப்பதற்கு ஒப்ப மூன்றாக மடித்து, திருப்பிப் போட்டு மீண்டும் தட்டினால், மூன்றாவது மடிப்பில் மாவு தானே ஒன்றுசேர்ந்துவிடும். மூன்று முறை மூன்றாக மடித்தால் 27 அடுக்கு. ஒவ்வொரு மடிப்பிலும் வெண்ணெய் மஞ்சள் கீற்றாகக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கீற்று மங்கி மாவு பளபளக்கத் தொடங்கினால் உடனே குளிருக்குள் தள்ளிவிடுங்கள்.

அன்று அவன் கதவைத் திறந்தபோது பக்கவாட்டில் ஏடுகளை எண்ணும்படி இருந்தது. கொழுந்தனார் மகள் ஒன்றை எடுத்து நடுவில் பிய்த்து உள்ளே பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கருப்பட்டிப் பாகை எடுத்து மேலே ஊற்றிக்கொண்டாள். கூடத்தில் சிரித்தவர்களுக்கு இட்லிதான் கொடுத்தேன்.

அளவு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். மாவு இரண்டும் சேர்ந்து 250 கிராம், வெண்ணெய் 110 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. உப்புப் போட்ட வெண்ணெயாக இருந்தால் தனியாக உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் மோர் நாம் தாளித்துக் குடிக்கும் நீர்மோர் அல்ல, கெட்டியானது. அதனால் புளித்த கட்டித்தயிர் 120 மில்லியில் ஐஸ் தண்ணீர் 60 மில்லி விட்டு அடித்துக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்புதான் சோடாவைக் கிளப்பும்.

பேக்கிங் பவுடரைப் பற்றிக் கடலோரக்காரர்கள் கொஞ்சம் அதிகமாகவே கவலைப்பட வேண்டும். 1843-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக அதை உண்டாக்கியபோதே, காரமும் அமிலமும் ஈரம் பட்டு முன்னதாகவே பொங்கிவிடாமல் இருக்க நடுவில் மாப்பொருளைச் சேர்த்தார். உப்புக்காற்றில் திறந்து வைத்த டப்பாவுக்கு அந்தப் பாதுகாப்புப் போதாது. சுடுதண்ணீரில் அரைக் கரண்டி போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்காமல் சோம்பலாக இரண்டு குமிழி விட்டால் தூக்கிப் போடுங்கள். பெரிய டப்பா மலிவு என்று வாங்குவது நம் ஊருக்குச் சரிப்படாது.

வெண்ணெய் விஷயத்தில் எனக்கு ஒரு தீராத ஆத்திரம் உண்டு. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் கேக் செய்யும் வெண்ணெய் என்று கேட்டதற்கு தாவர எண்ணெயில் செய்யும் மார்ஜரின் பாளத்தை அறுத்துக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதாம்மா, பேக்கரிக்காரங்க இதைத்தான் வாங்குறாங்க" என்றார்கள். ஒன்று அல்ல. மார்ஜரினும் வனஸ்பதியும் சூட்டுக்கு வெண்ணெயைவிடத் தாக்குப்பிடிப்பவை, அடுக்கும் சுலபமாக வரும். ஆனால் வாயில் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், மணமும் இருக்காது. வேண்டுமென்றே அதைப் போடுகிறவர் போடட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை. வெண்ணெய் விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதைத்தான் சொல்கிறேன். உறையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள், அறுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள்.

வெட்டும்போது டம்ளரைக் கவிழ்த்துத் திருகாதீர்கள். எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு மழுங்கலாக இருக்கும். அது ஏடுகளின் ஓரத்தை நசுக்கி ஒட்டவைத்துவிடும், பிறகு ஆவிக்கு வழி இல்லை. கூரான கத்தியால் நேராக அழுத்திச் சதுரமாக வெட்டினால் மாவும் வீணாகாது. துண்டுகளை ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி வைத்தால் பக்கவாட்டில் பரவ இடமில்லாமல் மேலே எழும்பும். பாலை மேற்பரப்பில் மட்டும் தடவுங்கள். ஓரத்தில் வழிந்தால் அதுவும் ஏட்டை ஒட்டிவிடும். அவனின் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு 220 டிகிரியில் 20 நிமிடம் சூடேற்றிய பிறகே தட்டை உள்ளே வைக்க வேண்டும்; 12 முதல் 15 நிமிடத்தில் வெந்துவிடும். மாலை நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் தாழ்ந்து கம்பி சரியாகச் சிவப்பதே இல்லை, உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும். அரைச்சூட்டில் உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாவதற்கு முன்பே வெண்ணெய் உருகித் தட்டில் ஓடிவிடும். அதனால் மாலையில் செய்யாமல், வெக்கை ஏறுவதற்கு முன்பு காலையிலேயே செய்யுங்கள்.

ஏசி அறையில் வைத்துச் செய்தால் முடிந்தது, இதற்கு இவ்வளவு நீளமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஏசி படுக்கையறையில் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து மாவு தட்ட எனக்கு விருப்பமில்லை. மைதா கெடுதல் என்று சொல்ல வருகிறவர்கள் இரவு பரோட்டாவையும் விட்டுவிட்டு வந்து சொல்லட்டும். கடாயில் மணலோ உப்போ கொட்டிச் சுடலாமா என்று கேட்டால், சுடலாம், எழும்பவும் செய்யும். ஆனால் மேல்சூடு இல்லாததால் நிறம் வராமல் வெளிறிக் கிடக்கும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் நாளே செய்து வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வெட்டிய துண்டுகளைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் கல்லாக உறையவிட்டு, பிறகு பையில் போட்டு வைத்துக்கொள்ளலாம். உறைந்தபடியே சூடான அவனுக்கு மாற்றி, வேகும் நேரத்தை மூன்று நிமிடம் கூட்டினால் போதும். சொல்லப்போனால் அப்படிச் செய்வது இன்னும் நன்றாக எழும்பும். இடையில் நெடுநேரம் கரண்ட் போய் மாவு இளகிவிட்டதென்றால் மறுபடி உறையவைக்காமல், அன்றைக்கே அதை மெல்லியதாகத் தேய்த்து, ஓமம் தூவிச் சுட்டு டீக்கு வைத்துவிடுங்கள்.