காசநோய் குணமான பிறகும் மாடி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது?

6 மாத மாத்திரை முடிந்துவிட்டது, சளியில் கிருமி இல்லை, ஆனாலும் 2 மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இது மனப்பிரமை இல்லை. மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் கிருமி நுரையீரலில் அரித்த இடத்தைப் பழையபடி ஆக்காது. அங்கே தழும்பு விழுந்து நுரையீரல் விரியாமல் போகலாம், மூச்சுக்குழாய் நிரந்தரமாக அகன்று சளி தேங்கலாம், சிலருக்குக் குழாய் சுருங்கிக் காற்று வெளியேறத் திணறும், அதுவும் ஒருநாளும் புகை பிடிக்காதவர்களுக்குக்கூட.

எக்ஸ்ரே மட்டும் போதாது. ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லிக் கேளுங்கள், அப்புறம் 6 நிமிட நடைச் சோதனை: வழக்கமாக 30 மீட்டர் தாழ்வாரத்தில் நடக்கவைத்து, போன தூரத்தையும் விரலில் ஆக்சிஜன் அளவையும் பார்ப்பார்கள். ஊதும்போது ஓரளவு நன்றாக இருந்து, நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குபவர்கள் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? தழும்பு மறையாது. ஆனால் நோயில் இளைத்துப்போன கால் தசையைத் திரும்பக் கொண்டுவரலாம், மூச்சு வாங்குவதில் அதற்கும் பங்கு இருக்கிறது. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பேச முடிகிற வேகத்தில் தினமும் நடங்கள். இருமலில் ரத்தம் வந்தாலோ, காய்ச்சலும் எடைக்குறைவும் திரும்பினாலோ, நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.