தெரு மரங்களைக் கணக்கெடுக்க அரசுப் பணம் கேட்பது எப்படி? சென்னைவாசிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

தங்கள் பகுதி மரங்களைக் கணக்கெடுத்துப் பதிவேடு போட மாநகராட்சியிடமோ அரசிடமோ பணம் கேட்க முடியுமா என்று பல குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கேட்டிருந்தீர்கள். சென்னையில் சங்கங்களோடு சேர்ந்து தெரு மரங்களைக் கணக்கெடுப்பதிலும் அதற்கான விண்ணப்பங்களை எழுதித் தருவதிலும் பல வருடங்களாக இருக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படுபவற்றை எடுத்துக்கொண்டேன்.

மயிலாப்பூர் சங்கச் செயலாளர்: இந்த வேலைக்கு எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது, சார்?

'மரக் கணக்கெடுப்பு' என்ற பெயரிலேயே திட்டம் தேடினால் அலுப்புதான் மிஞ்சும். வேறு பெயரில் இருக்கும் பணத்தோடு இந்த வேலையைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எது பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அலைச்சல் மிச்சமாகும். 2020ல் மத்திய அரசு தொடங்கிய நகர் வன் திட்டம், நகர்ப்புறத்தில் காடு உருவாக்குவதற்கானது. ஹெக்டேருக்கு 4 லட்சம் ரூபாய் என்று கணக்கு வைத்தார்கள். தெருவோரம் ஏற்கெனவே நிற்கும் மரங்களை எண்ண அதில் இடமில்லை. எம்.பி. தொகுதி நிதி, நிலையான பொதுச் சொத்து உருவாக்கத்தான். கணக்கெடுப்பு அந்த வரையறைக்குள் வராது.

மாநகராட்சிப் பூங்காத் துறையின் சொந்த பட்ஜெட், நமக்கு நாமே திட்டம், பல்லுயிர் மேலாண்மைக் குழு ஆகியவைதான் முயன்று பார்க்கத் தகுந்த வழிகள். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் போட வேண்டும். அங்கேயும் வெறும் கணக்கெடுப்பு என்று எழுதினால் கோப்பு நகராது. மரத்தடியில் பூசிய சிமெண்டை உடைத்து மண்ணைத் திறப்பது, பட்டுப்போன மரங்கள் இருந்த இடத்தில் கன்று நடுவது, அதற்கு முதல் கட்டமாக மரங்களைப் பதிவு செய்வது என்று ஒரே பணியாக எழுதுங்கள். அப்படி எழுதினால் எடுபட வாய்ப்பு அதிகம்.

அண்ணா நகர்: அமெரிக்காவில் இருக்கும் என் மகள், அங்கே சின்ன ஊர்கள்கூட இதற்கு விண்ணப்பித்துப் பணம் வாங்குகின்றன என்கிறாள். உண்மையா?

உண்மைதான் அம்மா. அங்கே மத்திய அரசின் வனத்துறையிலேயே நகர மரங்களுக்கென்று தனித் திட்டம் உண்டு. 2022ல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் அதற்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது. நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு வழக்கத்தை: கணக்கெடுப்பையும் அதை வைத்துப் போடும் பராமரிப்புத் திட்டத்தையும் சேர்த்தே கேட்பார்கள்.

பெரம்பூர்: பணம் எங்கள் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு வருமா?

மாநகராட்சி செலவழிக்கும் பணம் வராது. அது ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வழியாகத்தான் போகும். 1998ஆம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இதில் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள், தேவையே இல்லை. டெண்டர் ஆவணம் எழுதப்படும் முன்பே உங்கள் கோரிக்கையைக் கொண்டுபோய்ச் சேருங்கள். எந்தெந்த விவரம் எடுக்க வேண்டும், பத்தில் ஒரு மரத்தையாவது வேறொரு குழு மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும், தரவு மாநகராட்சிக்குச் சொந்தம், அது பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அதெல்லாம் ஆவணத்தில் ஏறிவிட்டால், யார் வேலை எடுத்தாலும் உங்கள் தெருவுக்கு நல்லதுதான். ஏறாவிட்டால், எண்ணிக்கை மட்டும் இருக்கும் ஒரு எக்செல் தாளோடு வேலை முடிந்துவிடும்.

மானியமாகச் சங்கத்துக்கே வரும் பணம் வேறு. அதற்கு 1975ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு, தணிக்கை செய்த கணக்குகள், மத்திய அரசு மானியம் என்றால் தர்பன் (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையதளம்) பதிவு எண் எல்லாம் வேண்டும். முடிவில், பணத்தைச் சொன்ன வேலைக்கே செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழும் தர வேண்டும். ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யாமல் விட்ட சங்கங்கள் நிறைய இருக்கின்றன. அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

திருவான்மியூர்: பல்லுயிர் மேலாண்மைக் குழு என்றீர்களே, அது கிராமங்களுக்கு மட்டும் உள்ளது இல்லையா?

இல்லை. 2002ஆம் வருடப் பல்லுயிர்ப் பன்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் இந்தக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. மாநகராட்சியும் உள்ளாட்சி அமைப்புதான். இந்தக் குழுவின் முக்கிய வேலையே மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது. உள்ளூர் மக்களைக் கேட்டு, அந்த இடத்தில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, எது எதற்குப் பயன்படுகிறது என்று எழுதி வைக்கும் ஏடு அது.

எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். மற்ற வழிகளில் நாம் ஒரு சலுகையைக் கேட்கிறோம். இதிலோ சட்டம் ஏற்கெனவே செய்யச் சொன்ன வேலைக்கு உதவுகிறோம். 'எங்கள் வார்டின் மரங்களை நாங்கள் பதிவு செய்து தருகிறோம், பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள், நிபுணர் சரிபார்ப்புக்கும் அச்சுக்கும் ஆகும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று ஆணையருக்கு எழுதி, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் நகல் அனுப்புங்கள். தொகை சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பட்டியலுக்கு அரசு ஆவணம் என்ற தகுதி கிடைக்கும், அதுதான் பெரிய விஷயம்.

வேளச்சேரி: விண்ணப்பத்தில் என்ன எழுதினால் அதிகாரிகள் மதிப்பார்கள்?

பசுமை, பறவை, வருங்காலத் தலைமுறை என்று முழுப் பக்கம் எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உதவிப் பொறியாளருக்கு வேறு கவலைகள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் எந்தக் கிளையைக் கழிக்க வேண்டும்? மழைநீர் வடிகால் தோண்டும்போது எந்த மரத்தின் வேர் அடிபடும்? மின்வாரியம் கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி, எடை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மரங்கள் எவை? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் பதிவேடு பதில் தரும் என்று முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. என்ன மரம், எவ்வளவு பருமன், வேர் எந்த நிலையில் இருந்தது என்று தெருவாரியான பதிவு கையில் இருந்திருந்தால், எது ஏன் விழுந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த நடவை முடிவு செய்திருக்கலாம். 2022 ஜூன் மாதம் கே.கே. நகரில் மரம் விழுந்து காரில் இருந்த ஒரு பெண் இறந்தார். இது உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட பதிவு என்பதைத் தயங்காமல் எழுதுங்கள்.

அப்புறம், கேட்பதற்கு முன் ஒரே ஒரு தெருவை நீங்களே முடித்து, அந்தத் தாள்களை விண்ணப்பத்தோடு இணையுங்கள். இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் எத்தனை மரம் முடிக்கிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அதை வைத்து வார்டு முழுவதற்கும் ஆள் செலவைப் போட்டால் உங்கள் மதிப்பீட்டை யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது. நகரத்தில் 200 வார்டு இருக்க, முழுச் சென்னைக்கும் கேட்காதீர்கள். உங்கள் வார்டுக்கு மட்டும் கேளுங்கள்.

திருவொற்றியூர் ஆசிரியை: என் மாணவர்களை வைத்துச் செய்யலாமா? அவர்கள் எடுக்கும் தரவை ஏற்பார்களா?

தாராளமாகச் செய்யலாம், டீச்சர். அளப்பது கடினமில்லை. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை டேப்பால் எடுக்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே கிளை பிரிந்தால் ஒவ்வொரு தண்டையும் தனியாக அளக்க வேண்டும். 1.37 மீட்டரில் குறி போட்ட ஒரு குச்சியைக் குழுவுக்கு ஒன்று கொடுத்துவிட்டால் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள்.

மரத்தை அடையாளம் காண்பதில்தான் பிழை வரும். பூ இல்லாத காலத்தில் குல்மோகரும் இயல்வாகையும் இலையில் ஒன்றுபோல இருக்கும். காயைப் பார்க்கச் சொல்லுங்கள்: குல்மோகரில் நீளமான, கட்டை போன்ற காய்கள் தொங்கும். இயல்வாகையில் செம்பு நிறத்தில் சின்னச் சின்னத் தட்டைக் காய்கள் கொத்தாக இருக்கும், தளிரிலும் துரு நிறப் பூனைமயிர் தெரியும். தூங்குமூஞ்சியையும் வாகையையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். வாகையின் காய் வெளிறி, காற்றில் சலசலக்கும். தூங்குமூஞ்சியின் காய் கறுத்து, பிசுபிசுப்பாக இருக்கும். சந்தேகமானால் 'தெரியவில்லை' என்று எழுதி இலை, பட்டை, காய் மூன்றையும் படம் எடுக்கட்டும். பிறகு ஒரு தாவரவியல் பேராசிரியர் பார்த்துச் சொல்வார். ஊகத்தில் எழுதிய பெயர்தான் பதிவேட்டைக் கெடுக்கும்.

ஒரு நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்: 'கதவு எண் 14 எதிரில், கிழக்கு நடைபாதை. பூவரசு. சுற்றளவு 112 செ.மீ. தண்டு வரை சிமெண்ட். சாலைப் பக்க வேர் வடிகால் வேலையில் வெட்டுப்பட்டிருக்கிறது. விளம்பரப் பலகை ஆணி 3. கேபிள் சுற்றியிருக்கிறது. மேலே மின்கம்பி இல்லை. இலை அடர்த்தி நன்று.' இதைப் படிக்கும் அதிகாரிக்கு மறுநாள் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அதே ஆசிரியை: எந்தச் செயலியில் ஏற்றுவது?

கோபோடூல்பாக்ஸ் இலவசம், நெட் இல்லாத இடத்திலும் பதிவாகும், கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். வரைபடமாக்க கியூஜிஐஎஸ் என்ற கணினி மென்பொருள் போதும்.

கே.கே. நகர்: பட்டியல் போட்டால் அதையே வைத்து 'ஆபத்தான மரம்' என்று வெட்டிவிட மாட்டார்களா? எங்கள் தெருவில் பலருக்கு இந்தப் பயம் இருக்கிறது.

நியாயமான பயம். நம் நகர மரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவுதான். மகாராஷ்டிரத்தில் 1975லேயே நகர்ப்புற மரங்களுக்குச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் மரக் கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதே அதில் ஒரு கடமை. கர்நாடகத்தில் 1976ல் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம்முடைய 1955ஆம் வருட மரப் பாதுகாப்புச் சட்டமோ மலைப்பகுதிகளுக்கு மட்டும்தான். அரசு நிலத்து மரங்களை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அங்கே மரம் இருந்ததற்கே ஆதாரம் இல்லாவிட்டால், எதை வைத்துக் கேள்வி கேட்பீர்கள்? ஒரு ராத்திரியில் காணாமல் போகும் மரத்துக்குச் சாட்சி, தேதி போட்ட பதிவும் படமும்தான்.

அதே சமயம் எச்சரிக்கையும் வேண்டும். தன்னார்வலர் யாரும் 'ஆபத்து', 'அகற்றலாம்' என்ற சொற்களை எழுதக் கூடாது. பொந்து இருக்கிறது, சாய்ந்திருக்கிறது, காளான் முளைத்திருக்கிறது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதட்டும். பொந்து உள்ள மரமெல்லாம் விழப்போகும் மரம் இல்லை, அதில் கிளியும் ஆந்தையும் குடியிருக்கும். முடிவைப் பயிற்சி பெற்றவர் நேரில் வந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே நிபந்தனையாகப் போடுங்கள்.

நங்கநல்லூர்: எங்கள் வார்டில் ஏற்கெனவே கணக்கெடுத்தாயிற்று என்கிறார்கள். ஆனால் யாரும் காட்ட மறுக்கிறார்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கிடைத்தால் அதன் மேல் வேலை செய்யலாம், இல்லை என்று வந்தால் அந்தப் பதிலையே விண்ணப்பத்தில் இணைக்கலாம்.

ராயபுரம்: வீட்டுக் காம்பவுண்டுக்குள் இருக்கும் மரங்கள்?

முதல் சுற்றில் வேண்டாம். உரிமையாளரே விரும்பினால் சேருங்கள். அவர் பெயரையும் போன் எண்ணையும் பொதுப் பட்டியலில் போடாதீர்கள்.

அடையாறு: எப்போது தொடங்கினால் சரியாக இருக்கும்?

மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். பூங்காத் துறையின் கணக்கில் உங்கள் வேலை ஏற வேண்டுமென்றால் அதற்குச் சில மாதங்கள் முன்பே மண்டல அலுவலகத்தில் கடிதம் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் இயல்வாகையும் குல்மோகரும் சரக்கொன்றையும் பூத்திருக்கும், அடையாளம் காண அதைவிட நல்ல நேரம் இல்லை. வெயிலுக்குப் பயந்து காலை 6 முதல் 9 வரை வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டுக்குள் பட்டியல் பொறியாளர் கைக்குப் போனால், மழைக்கு முன் கிளை கழிக்கும் வேலைக்கு உதவும்.

அதற்கெல்லாம் முன்னால், உங்கள் வார்டில் அடுத்த ஏரியா சபைக் கூட்டம் (பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் கூட்டம்) எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே இந்தக் கோரிக்கையைப் பேசி, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, அதன் நகலைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக அதை வையுங்கள்.