பொம்மலாட்டப் பொம்மையின் வாயிலிருந்து பேட்டரியால் புகை வரவைப்பது எப்படி?

இது புகையே இல்லை, நீர்த்திவலை. திருகோணமலைக் கோணேசர் கோயில் மலையடியில் கடலலை மோதும்போது வெண்சாரல் எழுகிறதல்லவா, அதேதான். துளிகள் மிகச் சிறியதாக உடைந்தால் ஒளி பட்டு வெள்ளையாகத் தெரியும்.

மேசை ஈரப்பதமூட்டியில் இருக்கும் மெல்லிய வட்டத் தகடும் அதை இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையும் 5 வோல்ட் பவர் பேங்கில் ஓடும். தகடு விநாடிக்கு 1 இலட்சம் தடவைக்கு மேல் அதிர்ந்து நீரைச் சிதறடிக்கும். தகட்டை நீரில் மூழ்கடிக்காதீர்கள். நனைந்த பஞ்சுத் திரி பின்பக்கம் தொட்டால் போதும். பலகை ஈரமாகவே கூடாது.

அப்புறம், இந்த மூட்டம் குளிர்ந்தது, கீழேதான் வழியும். சின்ன விசிறி ஒன்று பின்னாலிருந்து ஊதினால்தான் வாய்வழியே சீறும். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பலர் பயப்படுவதுபோல் பொம்மையின் துணி தீப்பிடிக்காது, இதில் சூடேற்றும் கம்பியே இல்லை. ஆனால் துணி நனையும், வாயின் உட்புறம் பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள்.