விளக்குமாறு ஆட்டம்: வாசகர் கேள்வி – பதில்

போன மாசம் ஸ்கோபா பத்தி ரெண்டு பாரா எழுதினேன், இத்தாலில டீக்கடை மாதிரி இருக்கிற பார்கள்ல வயசானவங்க சாயங்காலமானா உக்காந்து ஆடுற சீட்டாட்டம், ஸ்கோபான்னா விளக்குமாறுன்னு அர்த்தம், மேசைய பெருக்கி அள்ளுறதால அந்த பேருன்னு. அவ்ளோதான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள பாத்தா ரம்மி பத்தி எழுதினப்ப கூட இவ்ளோ வரல. முடிஞ்ச வரைக்கும் இந்த வாரம் பதில் சொல்லிடுறேன்.

கேள்வி: எங்க வீட்ல இருக்கிறது சாதாரண கட்டுதான். அத வச்சு ஆட முடியுமா? ரூல்ஸ் கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்க. (ஒரு வாசகர், மதுரை)

தாராளமா ஆடலாம். ஜோக்கரையும் 8, 9, 10 எல்லாத்தையும் எடுத்து ஓரமா வச்சிடுங்க, மிச்சம் 40 சீட்டு. ஏஸ் 1, ஜாக்கி 8, ராணி 9, ராஜா 10. டைமனத்தான் காசுன்னு வச்சுக்கணும், ஏன்னா இத்தாலி கட்டுல காசு, கோப்பை, வாள், தடின்னு நாலு ஜாதி (அங்க ராணியே கிடையாது, அந்த இடத்துல குதிரைக்காரன் இருக்கான், நேப்பிள்ஸ் கட்டுல தடி மூணுல ஒரு மீசைக்கார மூஞ்சி வேற முறைச்சுக்கிட்டு இருக்கும்). ஆளுக்கு 3 சீட்டு, மேசையில 4 திறந்து. உங்க முறையில ஒரு சீட்ட போட்டு அதே மதிப்புள்ள சீட்ட எடுக்கலாம், இல்ல கூட்டினா அந்த மதிப்பு வர்ற சீட்டுகள எடுக்கலாம். 7 போட்டா மேசையில இருக்கிற 4+3 உங்களுக்கு. ஆனா மேசையில ஒரு 7 நேரடியாவே கிடந்தா அதத்தான் எடுக்கணும், கூட்டுத்தொகைய தொடக்கூடாது, இத மறந்து சண்டை போடாத வீடே கிடையாது. எடுக்க ஒண்ணும் இல்லன்னா போட்ட சீட்டு மேசையிலயே கிடக்கும். கை காலியானா மறுபடி மூணு மூணு.

மேசைய மொத்தமா அள்ளினா அது ஸ்கோபா, 1 பாயிண்ட். கட்டு தீந்ததும் எண்ணுவாங்க: அதிக சீட்டு வச்சிருக்கவருக்கு 1, அதிக காசு சீட்டுக்கு 1, ஏழு காசுக்கு (அதாவது காசு ஜாதில இருக்கிற 7) 1, ப்ரிமியேராவுக்கு 1 (அது கீழ வருது). சமமா வந்தா யாருக்கும் இல்ல. 11 பாயிண்ட் வந்தா ஜெயிப்பு.

கேள்வி: நான் கலியாணம் முடிச்சு பலேர்மோவுக்கு வந்து ஆறு வருசம். கீழ் வீட்டு அம்மம்மாவோட பின்னேரத்தில ஸ்கோபா விளையாடுறனான். ஸ்கோபா கூட அடிக்கிறது நான்தான், ஆனா கடைசியில வெல்லுறது அவதான். ஏன் எண்டு விளங்கேல்ல. (ஒரு வாசகி, பலேர்மோ)

உங்க கேள்விய படிச்சிட்டு சிரிச்சிட்டேன், ஏன்னா நானும் நேப்பிள்ஸ்ல வாடகைக்கு இருந்தப்ப எதிர் வீட்டு தாத்தாகிட்ட ஒரு வருஷம் இப்டித்தான் தோத்தேன். நீங்க எத எடுக்கலாம்னு பாக்குறீங்க, அவங்க நீங்க எடுத்ததுக்கு அப்புறம் மேசையில என்ன மிச்சம் கிடக்கும்னு பாக்குறாங்க.

முதல் கணக்கு இதுதான், மேசையில கிடக்கிற சீட்டோட மொத்தம் 10ஐ தாண்டிட்டா யாராலயும் ஸ்கோபா அடிக்க முடியாது, ஏன்னா பெரிய சீட்டே 10தான். அதனால நீங்க எடுத்தாலும் சரி இறக்கினாலும் சரி, கைய எடுக்கும்போது மேசை மொத்தம் 10க்கு மேல இருக்கான்னு ஒரு தடவ கூட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்தவர பாக்கணும். ரெண்டு நாள்ல பழகிடும்.

ஒரு கை காட்டுறேன். மேசையில 2, 4, 5, ராஜா. உங்க கையில 7, 6, ராஜா. புதுசா ஆடுறவங்க உடனே ராஜாவால ராஜாவ எடுப்பாங்க, பெரிய சீட்டாச்சேன்னு. ஆனா ப்ரிமியேராவுல ராஜாவுக்கு மதிப்பே கம்மி, அது காசு ராஜாவா இல்லன்னா வெறும் எண்ணிக்கைக்குத்தான் உதவும். நீங்க 7 போட்டு 2+5 எடுங்க. மூணு சீட்டு உங்களுக்கு, ஒரு ஏழும் பத்திரமாச்சு. மேசையில 4ம் ராஜாவும், மொத்தம் 14, ஸ்கோபாவுக்கு வாய்ப்பே இல்ல. இப்ப அம்மம்மா 4 வச்சிருந்து ஆசையா 4ஐ எடுத்தாங்கன்னா மேசையில ராஜா தனியா நிப்பார், உங்க கையில இருக்கிற ராஜாவ போட்டு பெருக்கிடலாம். அவங்க ராஜாவ எடுத்தா 4 மட்டும் கிடக்கும், அப்ப நீங்க 6 இறக்கிடாதீங்க, மொத்தம் 10 ஆகிடும், ராஜாவ இறக்குங்க. ராஜாவ அவசரப்பட்டு செலவு பண்ணாம வச்சிருந்ததுக்கு ரெண்டு பக்கமும் வேலை இருக்கு பாருங்க.

மேசை காலியா இருந்து நீங்க ஒரு சீட்ட இறக்கியே ஆகணும்னா தான் தலைவலி. அப்ப கையில ஜோடியா இருக்கிறத இறக்குங்க. முதல் கையில உங்க 3, மேசை 4 போக தெரியாத சீட்டு 33, அதுல 3 எதிராளிகிட்ட. நீங்க இறக்குற சீட்டோட மத்த மூணும் வெளிய இருந்தா அவர்கிட்ட அதுல ஒண்ணாவது இருக்க வாய்ப்பு கிட்டத்தட்ட நாலுல ஒண்ணு. ஜோடில ஒண்ண இறக்கினா அது 18 சதவீதத்துக்கும் கீழ இறங்கிடும், மூணு கண்ணுல பட்டாச்சுன்னா வெறும் 9. அதுவும் ஜோடியா இருந்தா, அவர்கிட்ட அது இல்லாத பட்சத்துல அடுத்த சுத்துல நீங்களே எடுத்துக்கலாம்.

அப்புறம் ஒரு விஷயம், ஒரு ஆட்டத்துல நிலையான பாயிண்ட் நாலு இருக்கு, நீங்க 2 ஸ்கோபா அடிச்சிட்டு அந்த நாலையும் விட்டா 2க்கு 4. அம்மம்மா வாயே திறக்காம அள்ளிட்டு போறது அதத்தான்.

கேள்வி: ஏழ மேசையில இறக்கவே கூடாதுன்னு என் ரூம்மேட் சொல்றான். உண்மையா? (மாணவர், தூரின்)

முக்கால்வாசி உண்மை. ஏழு காசுக்கு செத்தெபெல்லோன்னு பேரு (பயப்படாதீங்க, செத்தென்னா ஏழு, பெல்லோன்னா அழகு). அந்த ஒரு சீட்டு நாலு கணக்குலயும் வரும், தனக்குன்னு ஒரு பாயிண்ட், காசுல ஒண்ணு, சீட்டு எண்ணிக்கைல ஒண்ணு, ப்ரிமியேராவுல உச்ச மதிப்பு. மத்த ஏழுகளும் ப்ரிமியேராவுக்கு உசுரு. செத்தெபெல்லோ இன்னும் வெளிய வராத வரைக்கும் நீங்க இறக்குற எந்த ஏழும் அதுக்கு விருந்து வைக்கிற மாதிரி, எதிராளி ரெண்டு ஏழ ஒரே வீச்சுல தூக்கிட்டு போவார். கையில ரெண்டு ஏழு இருக்கு, இல்ல ரெண்டு ஏழு ஏற்கனவே போயாச்சுன்னா மட்டும் யோசிங்க.

இதுல வேணும்னே ரூல மீறி ஜெயிச்ச கதையும் ஒண்ணு இருக்கு, இத்தாலில எல்லாருக்கும் தெரிஞ்ச போட்டோ அது. 1982 ஜூலை 11, மாட்ரிட்ல மேற்கு ஜெர்மனிய 3-1னு ஜெயிச்சு இத்தாலி உலகக் கோப்பை வாங்குது. மறுநாள் ஊர் திரும்புற விமானத்துல ஜனாதிபதி சாந்த்ரோ பெர்த்தினியும் கோல்கீப்பர் தீனோ ஜோஃப்பும் ஒரு ஜோடி, கோச் என்ட்ஸோ பேர்ட்ஸோட்டும் ஃப்ராங்கோ காவ்சியோவும் எதிர் ஜோடி, நாலு பேரும் ஸ்கோபோனே (நாலு பேர் ரெண்டு ஜோடியா ஆடுற ஸ்கோபா) ஆடுறாங்க, உலகக் கோப்பை மேசை மேலயே இருக்கு. காவ்சியோ பின்னாடி சொன்ன கதைப்படி அவர் கையில இருந்தது ஒரே ஒரு ஏழு, அதையே தைரியமா இறக்கினாராம். பெர்த்தினி அத விட்டுட்டார், பேர்ட்ஸோட் செத்தெபெல்லோவோட அத அள்ளிட்டார். தப்பு ஜனாதிபதியோடது, திட்டு விழுந்தது ஜோஃப்புக்கு. ஜோடி ஆட்டத்துல எந்த ஊரா இருந்தாலும் இதான் நடக்கும்.

காவ்சியோ செஞ்சது ஏன் பலிச்சதுன்னா நல்லா ஆடுறவங்க ஒத்தை ஏழ இறக்க மாட்டாங்கன்னு எதிர் பக்கம் நினைக்கும். உங்க ரூம்மேட்கிட்ட பத்து தடவைல ஒரு தடவ செஞ்சு பாருங்க, அதுக்கு மேல செஞ்சா அவன் கண்டுபிடிச்சிடுவான்.

கேள்வி: என்கிட்ட மூணு ஏழு இருந்தும் ப்ரிமியேராவ எதிராளிக்கு கொடுத்துட்டாங்க. ஏமாத்திட்டாங்களா? (வாசகர், கோவை)

ஏமாத்தி இருக்க மாட்டாங்க. ப்ரிமியேராவுக்கு ஒவ்வொரு ஜாதிலயும் உங்ககிட்ட இருக்கிறதுல மதிப்பு கூடின ஒரு சீட்ட எடுத்து நாலையும் கூட்டணும். மதிப்பு வேற மாதிரி: 7க்கு 21, 6க்கு 18, ஏஸுக்கு 16, 5க்கு 15, 4க்கு 14, 3க்கு 13, 2க்கு 12, படச்சீட்டு எல்லாத்துக்கும் 10. உங்ககிட்ட மூணு ஏழு, ஆனா நாலாவது ஜாதில வெறும் படச்சீட்டுதான் இருந்துச்சுன்னா 63ம் 10ம் 73. அவர்கிட்ட ஒரே ஒரு ஏழும் மூணு ஆறும் இருந்தா 21ம் 54ம் 75. ரெண்டு பாயிண்ட்ல போச்சு. அந்த நாலாவது ஜாதில ஒரு 2 எடுத்து வச்சிருந்தா கூட உங்களுக்கு 75 வந்து யாருக்கும் இல்லாம போயிருக்கும், ஒரு 3 இருந்திருந்தா நீங்கதான்.

ஆளுக்கு ரெண்டு ஏழுன்னு பிரிஞ்சதும் பாதி பேர் ப்ரிமியேராவ மறந்துடுவாங்க, அங்கதான் ஆறும் ஏஸும் பேச ஆரம்பிக்கும். ஏஸ எல்லாரும் சின்ன சீட்டுன்னு தூக்கிப் போடுறாங்க, அது மூணாவது பெரிய சீட்டுங்க.

கேள்வி: 40 சீட்டையும் ஞாபகம் வச்சுக்கணுமா? எனக்கு காலைல சாப்பிட்டதே ஞாபகம் இல்ல. (வாசகி, சென்னை)

வேணாம். ஏழு எத்தன போச்சு, காசு யார்கிட்ட எத்தன, இது ரெண்டு மட்டும் முதல்ல போதும். முடிஞ்சா ஆறு. காசுல யாராவது 6 சீட்டு தொட்டாச்சுன்னா அந்த பாயிண்ட் முடிஞ்ச கதை, அப்புறம் காசுக்காக சண்டை போடாம வேற வேலை பாருங்க.

கடைசி கைக்கு மட்டும் ஒரு தந்திரம் சொல்றேன், எனக்கு சொன்னது அதே தாத்தாதான். 40 சீட்டோட மொத்த மதிப்பு 220. யார் எத எடுத்தாலும் போட்ட சீட்டும் எடுத்த சீட்டும் சம மதிப்பு, அதாவது ஒவ்வொரு தடவையும் மேசைய விட்டு போறது ஒரு இரட்டைப்படை எண். அப்ப மிச்சம் இருக்கிறதோட மொத்தமும் எப்பவும் இரட்டைப்படைதான். இப்ப கட்டு தீந்துடுச்சு, மேசை காலி, உங்க கையில 5ம் 6ம், எதிராளிகிட்ட ஒரே சீட்டு, என்னன்னு தெரியாது. 5ம் 6ம் 11, மொத்தம் இரட்டைப்படையா வரணும்னா அவர் சீட்டு ஒற்றைப்படையாத்தான் இருக்கணும். கண்ண மூடிட்டு 6ஐ இறக்குங்க, அவரால தொடவே முடியாது. ஞாபக சக்தியே இல்லாம நூத்துக்கு நூறு நிச்சயம்.

கேள்வி: நாலு பேர் ஆடும்போது பார்ட்னருக்கு ஜாடை காட்டலாமா? (வாசகர், திருச்சி)

கூடாது. தனக்கு எதிர்ல உக்காந்திருக்கவர்கிட்ட கண்ணடிக்கிற சீட்டாட்டம் இத்தாலில வேற இருக்கு, ஸ்கோபோனேல வாய மூடிக்கிட்டு போடுற சீட்டு மூலமாத்தான் பேசணும். ஸ்கோபோனேங்கிறது இதே ஆட்டம்தான், நாலு பேர், ரெண்டு ஜோடி, ஆளுக்கு 9 சீட்டு மேசையில 4, இல்லன்னா எல்லாத்தையும் பங்கு போட்டு ஆளுக்கு 10.

இதுல சீட்ட பங்கு போட்டவர் தான் கடைசியா ஆடுவார், அது பெரிய லாபம். எல்லா மதிப்புலயும் நாலு நாலு சீட்டு, ஜோடி ஜோடியா போயிட்டே இருந்தா ஒவ்வொண்ணுக்கும் கடைசி பதில் அவர் பக்கம்தான் மிஞ்சும். அதனால அவர் ஜோடி 7க்கு 7, 5க்கு 5ன்னு நேரா எடுக்கவே பாக்கும். எதிர் ஜோடி அத குலைக்கணும், 7ஐ போட்டு 4+3 எடுத்தா 7, 4, 3 மூணுமே மூணு மூணா ஒற்றையில நிக்கும், கணக்கு புரண்டுடும். இதுக்கு இத்தாலியன்ல ஸ்பரீல்யோன்னு தனி வார்த்தையே வச்சிருக்காங்க. நீங்க பங்கு போட்டவர் பக்கமா இல்லையான்னு தெரிஞ்சுக்காம கூட்டி எடுக்கிறது, நம்ம கோட்டைய நாமே இடிக்கிற மாதிரி.

கேள்வி: இத்தாலி வாட்டர் போலோ டீமுக்கும் செத்தெபெல்லோன்னுதான் பேராமே? (வாசகர், சேலம்)

ஆமா, தண்ணில இறங்குறது 7 பேர். 1950கள்ல மிலானுக்கும் ரோமுக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்ச சொகுசு ரயிலுக்கும் அதே பேர்தான், 7 பெட்டி.

கேள்வி: கடைசி சீட்டால மேசைய அள்ளினா ஸ்கோபாவா? (பலேர்மோ வாசகியேதான், ரெண்டாவது கடிதம்)

இல்ல. கட்டும் தீந்து, ஆட்டத்தோட கடைசி சீட்ட போட்டு அள்ளினா சீட்டு மட்டும் உங்களுக்கு, பாயிண்ட் கிடையாது. இது தெரியாம 10-10ல நின்னப்ப நான் கடைசி சீட்ட மேசையில ஓங்கி அடிச்சு ஸ்கோபான்னு கத்தினேன், தாத்தா ஒண்ணுமே சொல்லல, மெதுவா எழுந்து உள்ள போய் நிஜ விளக்குமாத்த எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்து, கத்தினதுல நான் தட்டிவிட்ட காப்பி கப் சில்லைக் காட்டினார்.